உருகாத பனிமனிதனும் உருகும் பனிக்கட்டியும்

கேள்வி: மழலையர் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். மூன்றரை முதல் ஐந்து வயது வரையுள்ள 18 பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். ‘குளிர்காலம்’ என்ற தலைப்பில் ஒரு மாதம் பாடம் நடத்தும்படி நிர்வாகம் சொல்லியிருக்கிறது. சென்ற ஆண்டு இணையத்திலிருந்து பனிமனிதன் படங்களை எடுத்து, பஞ்சு ஒட்டி, வண்ணம் தீட்டினோம். இரண்டாம் நாளே பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது. ஒரு பையன் தான் ஒட்டிய பஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது ஏன் உருகவில்லை?” என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எங்கள் பகுதியில் பனி பொழிவதும் கிடையாது. பனிக்கட்டியைத் தொட்டால் சளி பிடிக்கும் என்று சில பெற்றோர் இப்போதே எச்சரிக்கிறார்கள். அதிகச் செலவில்லாமல் என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் ஒரு மாதப் பாடத்திட்டத்தை அந்தப் பையன் ஏற்கெனவே ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டான். அவனுக்கு உடனே பதில் சொல்லாததும் நல்லதாகவே போயிற்று. சொல்லியிருந்தால் கேள்வி அங்கேயே முடிந்திருக்கும்.

பஞ்சு ஒட்டுவதில் தவறொன்றும் இல்லை. விரல்களுக்கு அது வேலை தருகிறது. ஆனால் அதில் குளிர்காலம் எங்கே இருக்கிறது? பஞ்சு குளிராது, நனைக்காது, உருகாது. பனியைப் பார்த்தே இராத பிள்ளைக்குப் பனிமனிதன் என்பது தொப்பி போட்ட இன்னொரு பொம்மை, அவ்வளவுதான். இந்த வயதில் அறிவு தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும்தான் உள்ளே போகிறது. எனவே இந்த ஆண்டு தாள்களை அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு கிண்ணம் தண்ணீரை ஃப்ரீசரில் வையுங்கள். செலவு அவ்வளவுதான்.

அதற்கு முன் சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புல் நுனியில் நிற்கும் துளி நமக்குப் பனி. காலையில் எதிரே வருபவரை மறைக்கும் மூட்டமும் பனி. வானிலிருந்து வெள்ளையாக விழுவதும் பனி, ஃப்ரீசரில் இருப்பது பனிக்கட்டி. ஒரே சொல் இத்தனை வேலை பார்த்தால் நான்கு வயதுப் பிள்ளை குழம்பத்தான் செய்யும். நான் இதைக் குறையாகப் பார்ப்பதில்லை. இவை எல்லாமே தண்ணீர்தான் என்ற உண்மை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மாத இறுதிக்குள் ஒரு பிள்ளையாவது அதைத் தானாகக் கண்டுபிடித்துச் சொன்னால் உங்கள் பாடம் வென்றுவிட்டது.

முதல் வாரம் முழுவதையும் ஒரே பனிக்கட்டிக்குக் கொடுங்கள். குளிர்பானம் ஆற்றப் பயன்படும் சிறு கட்டிகள் வேண்டாம். அவை ஒரு வாய்க்குள் அடங்கும் அளவில் இருப்பதால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. பெரிய பிளாஸ்டிக் கிண்ணத்தில் பாதி தண்ணீர் ஊற்றி முதல் நாள் உறைய வையுங்கள். அதன்மேல் இரண்டு இலைகளையும், கைக்கடங்காத ஒரு விலங்குப் பொம்மையையும் வைத்து, மீதித் தண்ணீரை ஊற்றி மறுபடி உறைய வையுங்கள். ஒரே தடவையில் ஊற்றினால் பொம்மை மிதந்து மேலே வந்துவிடும் அல்லது அடியில் போய் உட்கார்ந்துவிடும். நடுவில் மாட்டிக்கொண்டிருந்தால்தான் பிள்ளைகளுக்கு அதை விடுவிக்க வேண்டும் என்ற வேகம் வருகிறது.

அகலமான தட்டில் கட்டியைக் கவிழ்த்து வைத்து, “உள்ளே மாட்டிக்கொண்டவரை எப்படி வெளியே எடுக்கலாம்?” என்று மட்டும் கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும்போது இதைத்தான் அதிகம் வற்புறுத்துகிறேன், இதுதான் எல்லோருக்கும் கடினமாக இருக்கிறது. மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். சின்னவர்கள் கட்டியைத் தட்டுவார்கள். ஒருத்தி ஊதிப் பார்ப்பாள். ஒருவன் நக்கிப் பார்க்கப் பார்ப்பான், அவனை மட்டும் தடுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே கட்டியில் நாக்கு ஒட்டிக்கொள்ளக்கூடும். பெரிய பிள்ளைகளில் யாராவது “வெந்நீர்” என்பார்கள். கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரையும் கரண்டியையும் சொட்டுக் குழாய்களையும் அப்போது எடுத்துக் கொடுங்கள். சொட்டுக் குழாயை அழுத்தும் அந்த மூன்று விரல்கள்தான் நாளை பென்சில் பிடிக்கப்போகின்றன.

உப்பையும் தரலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஒரு சிட்டிகை உப்பைக் கட்டியின் மேல் தூவியதும் அங்கே குழி விழுவதையும், உள்ளே கோடு கோடாகப் பள்ளம் ஓடுவதையும் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். அந்தப் பள்ளங்களில் வண்ண நீரைச் சொட்டினால் இன்னும் அழகு. ஆனால் உப்பு போட்ட பனிக்கட்டியைக் கையில் பிடிக்க விடவே கூடாது. உப்பும் பனிக்கட்டியும் சேர்ந்தால் அந்தக் கலவை சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்துவிடும். தோலில் வைத்து அழுத்தினால் தீப்புண் போலவே புண்ணாகும். கையில் சிறு கீறல் இருந்தாலும் உப்பு எரியும். அதனால் உப்புக் கிண்ணம் உங்கள் கையில் இருக்கட்டும், தூவும்போது மட்டும் பிள்ளைகள் முறைவைத்து வரட்டும்.

என் வகுப்பில் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நான்கு வயதுப் பெண், உருகி மிஞ்சிய ஒரு துண்டை அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தெரியாமல் பைக்குள் வைத்துக்கொண்டாள். மாலையில் பையைத் திறந்தபோது நோட்டுப் புத்தகம் நனைந்திருந்தது, கட்டியைக் காணவில்லை. அழுதுகொண்டே வந்து புகார் சொன்னாள்: “யாரோ என் ஐஸை எடுத்துக்கொண்டு தண்ணீரை ஊற்றிவிட்டார்கள்.” நாள் முழுக்கப் பனிக்கட்டி உருகுவதைப் பார்த்தவள் அவள். ‘உருகியது’ என்ற சொல்லும் அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கட்டியேதான் இந்தத் தண்ணீர் என்பது அவளுக்குள் இன்னும் இணையவில்லை. மறுநாள் அவளைக் கொண்டே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்ற வைத்து, மட்டத்தில் பேனாவால் கோடு போடச் சொன்னேன். உறைய வைத்தோம், உருக வைத்தோம், மறுபடி உறைய வைத்தோம். மூன்றாம் நாள்தான் அவள் முகம் தெளிந்தது. உங்கள் பிள்ளைகளுடனும் இதைச் செய்யுங்கள். உறைந்ததும் மட்டம் கோட்டைத் தாண்டி மேலே போயிருக்கும், ஏனென்றால் தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. கண்ணாடிப் பாட்டில் மட்டும் வேண்டாம், விரிசல் விட்டு உடைந்துவிடும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு. ஒரே அளவுள்ள மூன்று பனிக்கட்டிகளைத் தனித்தனியாகச் சிறு பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கட்டுங்கள். ஒன்றை வெயில் படும் இடத்தில் வையுங்கள், இன்னொன்றை அறைக்குள் மேசையில் வையுங்கள். மூன்றாவதைக் கம்பளித் துணியில் நன்றாகச் சுற்றி அதே மேசையில் வையுங்கள். எது முதலில் உருகும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். கேட்டதும் அவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டைத் தாங்கள் நினைக்கும் கட்டியின் பக்கத்தில் வைக்க வேண்டும். பெரும்பாலான சீட்டுகள் கம்பளியின் பக்கம்தான் விழும். கம்பளி சூடு தரும் என்றல்லவா அவர்களுக்கு நாம் சொல்லி வைத்திருக்கிறோம்! உண்மையில் கம்பளிக்குள் இருக்கும் கட்டிதான் கடைசியில் உருகும். கம்பளியிடம் சொந்தமாகச் சூடு கிடையாது. வெளிச் சூடு உள்ளே வருவதையும் உள்சூடு வெளியே போவதையும் அது மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். துணியைப் பிரிக்கும் நேரத்தில் வகுப்பில் விழும் அமைதிக்காகவே நான் ஆண்டுதோறும் இதைச் செய்தேன்.

பிறகு ஒரு ஸ்வெட்டரை எடுத்துக் காட்டி, “இது நமக்குச் சூடு தருகிறதா, நம் சூட்டைப் பிடித்து வைக்கிறதா?” என்று கேளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஓரிருவருக்குப் பிடிபடும். மற்றவர்களுக்குப் பிடிபடாவிட்டால் விட்டுவிடுங்கள். பார்த்த காட்சி நினைவில் இருக்கும், விளக்கம் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும்.

இந்த வரிசையில் இன்னொன்றும் உண்டு. குளிர்ந்த நீர் நிரப்பிய டம்ளரின் வெளிப்பக்கம் நனைவதைக் காட்டினால், டம்ளர் ஒழுகுகிறது என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். அவர்கள் சொன்னது சரியா என்று பார்க்க நீரில் சிவப்பு வண்ணம் கலந்து, பனிக்கட்டியும் போட்டு வையுங்கள். வெளியே பூக்கும் துளிகளை வெள்ளைத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். துணியில் சிவப்பு இருக்காது. அப்படியானால் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்துதான். புல்லில் நிற்கும் பனித்துளியும் அப்படி வந்ததுதான். காற்று மிகவும் வறண்ட நாளில் துளி சரியாகப் பூக்காது. எனவே முந்தின நாள் வீட்டில் ஒருமுறை செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

உலோகக் கரண்டியையும் மரக் கரண்டியையும் ஒரே மேசையில் வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்வதும் நல்ல வேலை. இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ஆனால் உலோகம் கையின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்வதால் அதிகமாகச் சில்லிடுகிறது. 1907இல் ரோம் நகரில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரியின் கல்விமுறையில் இதற்கென்றே பலகைகள் உண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு மரம், உலோகம், கம்பளி போன்றவற்றைத் தொட்டு இணை சேர்க்க வேண்டும். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, சமையலறையில் இருப்பதே போதும்.

மொழிக்கு இந்த மாதம் ஒரு விருந்து. வெடவெடவென்று, கிடுகிடுவென்று, சில்லென்று, சொட்டுச் சொட்டாக என்று எத்தனை சொற்கள் நம்மிடம் இருக்கின்றன! இவற்றை எழுத்தாகப் படிக்க வைக்காதீர்கள், உடம்பால் நடிக்க வையுங்கள். “வெடவெட” என்றால் எல்லோரும் நடுங்க வேண்டும். “உறை” என்றால் அப்படியே விறைத்து நிற்க வேண்டும். “உருகு” என்றால் தலை, தோள், இடுப்பு, முழங்கால் என்று மெல்ல மெல்லத் தரையில் குளமாகிவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளை ஒரு சொல்லுக்குத் தன்னை நிறுத்திக்கொள்வது சிறிய விஷயமல்ல. தன்னைத்தானே அடக்கப் பழகும் பயிற்சி அது. மதிய உறக்கத்துக்கு முன் “உருகு” என்று சொல்லிப் பாருங்கள், பாதி வகுப்பு எழுந்திருக்காது.

கணக்குக்குக் காலுறைகளும் கையுறைகளும் போதும். ஒரு குவியலைக் கொட்டி ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள், கயிற்றில் கிளிப் போட்டு மாட்டச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மட்டும் ஜோடி இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள்.

நட்சத்திரம் போன்ற பனித்துகளை வெட்டி ஒட்டுவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். காகிதத்தை நான்காகவும் எட்டாகவும் மடித்து வெட்டிய துகள்கள் சுவர் முழுக்கத் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். பனித்துகளின் அடிப்படை வடிவம் ஆறு மூலைகள் கொண்டது. ஏன் எப்போதும் ஆறு என்று வானியலாளர் கெப்ளர் 1611இல் ஒரு சிறு நூலே எழுதினார், உறுதியான விடை அவருக்குக் கிடைக்கவில்லை. உறையும்போது நீர் மூலக்கூறுகள் அறுகோண அமைப்பில் கோத்துக்கொள்வதே காரணம் என்பது பின்னால் தெரிந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885இல், தம் 19ஆம் வயதில், நுண்ணோக்கியுடன் கேமராவை இணைத்துப் பனித்துகளைப் படமெடுத்தார். வாழ்நாளில் 5,000க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். அந்தப் படங்களில் இரண்டு மூன்றை பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிறகு கத்தரிக்கோலை விட்டுவிட்டு, ஆளுக்கு மூன்று ஐஸ்கிரீம் குச்சிகள் கொடுத்து நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே வைக்கச் சொல்லுங்கள். மூன்று குச்சிகளில் எப்படி ஆறு கைகள் வந்தன என்று விரல் விட்டு எண்ணத் தொடங்குவார்கள்.

விலங்குகளுக்கு வருகிறேன். கடையில் விற்கும் குளிர்காலப் படங்களில் பென்குவினும் பனிக்கரடியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அவை இயற்கையில் சந்தித்துக்கொள்வதே இல்லை. பனிக்கரடி வடதுருவப் பகுதியில் வாழ்வது. பென்குவின்கள் அநேகமாக முழுவதும் தென்பாதியில் வாழ்பவை, அவற்றிலும் எல்லா வகையும் பனியில் வாழ்வதில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய கலாபகஸ் தீவுகளில்கூட ஒரு வகை உண்டு. பேரரசப் பென்குவினின் கதையைச் சொல்லுங்கள். தாய் முட்டையிட்டுவிட்டுக் கடலுக்கு இரை தேடப் போய்விடும். அண்டார்க்டிகாவின் கடுங்குளிரில் ஏறத்தாழ இரண்டு மாதம் தந்தைதான் முட்டையைக் காலின் மேல் வைத்து, வயிற்று மடிப்பால் மூடி, எதுவும் சாப்பிடாமல் அடைகாக்கும். அங்கே கடுங்குளிர்காலம் ஜூன், ஜூலை மாதங்களில். கதை முடிந்ததும் துணிப்பந்து ஒன்றைப் பாதங்களின் மேல் வைத்துக்கொண்டு கீழே விழாமல் அறையைக் கடக்கச் சொல்லுங்கள். பிறகு எல்லோரும் ஒருவரை ஒருவர் ஒட்டி வட்டமாக நெருங்கி நிற்கட்டும். நடுவில் நிற்பவருக்கு எப்படி இருக்கிறது, ஓரத்தில் நிற்பவருக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். இடம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற நியாயத்தை அவர்களே சொல்வார்கள். பென்குவின்களும் அப்படித்தான் நகர்ந்து நகர்ந்து இடம் மாறுகின்றன.

குளிர்ப் பகுதி விலங்குகளை உடல் கொழுப்பு எப்படிக் காக்கிறது என்று காட்ட, கொழுப்பு நிரப்பிய பைக்குள் கையை விட்டுக் குளிர்நீரில் முக்கும் சோதனையைப் பல இடங்களில் பரிந்துரைக்கிறார்கள். அறிவியல் சரிதான். நான் ஒரே ஒருமுறை செய்தேன், பை கிழிந்தது. நாற்காலிகளின் பிசுக்கு அந்த மாதம் முடியும் வரை போகவில்லை. உங்கள் விருப்பம்.

“குளிர்காலத்தில் சூரியன் தூரமாகப் போய்விடும்” என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில். பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதுதான் பருவம் மாறக் காரணம், அது இந்த வயதுக்கு வேண்டாத பாரம். காலையில் ஒரு பிள்ளையின் நிழலைச் சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்துவிட்டு, நண்பகலில் அதே இடத்தில் அதே பிள்ளையை நிறுத்தி மறுபடி வரையுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது: சளியைக் கொண்டுவருவது வைரஸ், பனிக்கட்டி அல்ல. சில நிமிடம் கட்டியைத் தொட்டதால் சளி பிடிக்காது. ஆனால் அவர்களின் அச்சத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள். குளிர் பட்டால் தோலில் தடிப்பு வருகிற பிள்ளையும், குளிர்ந்த காற்றில் மூச்சிரைக்கிற பிள்ளையும் இருக்கக்கூடும். தொடங்குவதற்கு முன்பே ஒரு சீட்டு அனுப்பிக் கேட்டுவிடுங்கள். விளையாட்டு முடிந்ததும் கையைத் துடைத்து, நனைந்த சட்டையை மாற்றிவிட்டால் பாதிப் புகார்கள் வராது. விரல் சிவந்து வலிக்கிறது என்று எந்தப் பிள்ளை சொன்னாலும் அன்றைக்கு அதற்கு அவ்வளவுதான்.

இரண்டு பொருள்களை வகுப்புக்குள் விடாதீர்கள். ஒன்று, நீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகளும் செயற்கைப் பனித் தூளும். விழுங்கிய மணி குடலுக்குள் பெரிதாகி அடைத்துக்கொள்ளும், அறுவை சிகிச்சை வரை போகும். இன்னொன்று உலர்பனிக்கட்டி, அதாவது உறைய வைத்த கரியமில வாயு. புகை விடுவது அழகுதான், ஆனால் அது சுழியத்துக்குக் கீழே 78 டிகிரி.

நிர்வாகத்துக்குக் காட்டச் சுவரில் ஏதாவது வேண்டுமே என்று நீங்கள் கவலைப்படுவீர்கள். ஒரே மாதிரியான 18 பனிமனிதர்களுக்குப் பதிலாகப் பெரிய தாளில் பிள்ளைகள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி ஒட்டுங்கள். பக்கத்தில் அவர்கள் வரைந்த படம் இருக்கட்டும், அது வெறும் கிறுக்கலாக இருந்தாலும் சரி. அந்தச் சுவரின் முன் பெற்றோர் நின்று படிக்கும் நேரத்தை நீங்களே கவனியுங்கள்.

முதல் நாள் காலையில் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேசையில் இரண்டு தட்டுகள் வையுங்கள். ஒன்றில் சென்ற ஆண்டின் பஞ்சுப் பனிமனிதன் இருக்கட்டும், இன்னொன்றில் அதே உயரத்துக்கு ஒரு பனிக்கட்டி. அந்தப் பையன் இப்போதும் உங்கள் வகுப்பில் இருந்தால், அவனை மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் கேட்ட கேள்வியையே அவனிடம் திருப்பிக் கேளுங்கள். மதியத்துக்குள் ஒரு தட்டில் தண்ணீர் நிற்கும். துடைக்க ஒரு துணியை அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.